இரண்டு கார்புரேட்டரும் ஒரு மதினியும்

எங்கள் வீட்டு ஜீப்புக்கு ஒரு காலத்தில் இரண்டு கார்புரேட்டர்கள் இருந்தன.

இதைச் சொன்னால் பாதிப் பேர் "அப்படியா?" என்று மரியாதைக்குக் கேட்டுவிட்டு மழை, தேங்காய் விலை என்று பேச்சை மாற்றிவிடுவார்கள். மீதிப் பேர் என் பெரியப்பா மகன் மாதிரி. கண் பளபளக்க, நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, "என்ன மேக்?" என்பார்கள். இந்த வாரம் முதல் கட்சிக்காகத்தான் எழுதுகிறேன். இரண்டாவது கட்சி, தப்பு இருந்தால் கார்டு போடவும்.

கடமலைக்குண்டில் ஜீப் என்பது வாகனம் இல்லை, உறவுமுறை. தேனியிலிருந்து கண்டமனூர் தாண்டி வந்தால் எங்கள் ஊர். அதையும் தாண்டினால் மயிலாடும்பாறை, வருசநாடு. அப்புறம் தார் ரோடு மெல்லப் பின்வாங்கி, மலை ஆரம்பித்துவிடும். வைகை பிறக்கிற பக்கம். இலவ மரமும் முந்திரியும் தென்னையுமாக மேலே இருக்கிற தோட்டங்களுக்குப் போக அந்தக் காலத்தில் இரண்டே வழி. ஒன்று கால், இன்னொன்று ஜீப். கம்பம், போடி பக்கம் கேட்கவே வேண்டாம். விடிகிற நேரத்தில் கம்பமெட்டிலும் போடிமெட்டிலும் நின்று பாருங்கள், கேரளத்து ஏலத்தோட்டங்களுக்கு வேலைக்குப் போகிற பெண்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் வரிசையாக மலை ஏறும். ஒரு ஜீப்பில் எத்தனை பேர் ஏறலாம் என்பதற்குச் சட்டம் ஒரு கணக்குச் சொல்லும். எங்கள் ஜில்லா வேறு கணக்குச் சொல்லும்.

அண்ணன் (பெரியப்பா மகன்தான், ஆனால் சொந்த அண்ணனுக்கு மேல்) ஒரு பழைய மஹிந்திரா பெட்ரோல் ஜீப் வைத்திருந்தார். அதன் பழைய எஞ்சின் 2.2 லிட்டர். பலசாலி. அதே அளவு குடிகாரன். எழுபதுகளில் பெட்ரோல் விலை எகிறியதிலிருந்தே ஊரில் ஒவ்வொருவராக எஞ்சினைக் கழற்றி எறிந்துவிட்டு டீசல் எஞ்சின் வைத்துக்கொண்டிருந்தார்கள். அண்ணன் மட்டும், "டீசல் லாரிக்கு. நம்ம வண்டி கிண்ணுனு இருக்கணும்டா" என்று சொல்லி, 1986-ல் ஓர் அம்பாசடர் பெட்ரோல் எஞ்சினை அதில் இறக்கினார். 1489 சி.சி. அதோடு நிறுத்தியிருந்தால் இந்தக் கட்டுரை கிடையாது.

அவர் சோழவரம் ரேஸ் பைத்தியம். வருஷா வருஷம் பஸ் பிடித்து மெட்ராஸ் போய், வெயிலில் காய்ந்து, தொண்டை கட்டித் திரும்புவார். அங்கே யாரோ ஒரு புண்ணியவான், "அம்பாசடர் எஞ்சினும் எம்.ஜி. ஸ்போர்ட்ஸ் கார் எஞ்சினும் ஒரே குடும்பம்" என்று இவர் காதில் போட்டுவிட்டான். பொய் இல்லை. 1955-ல் இங்கிலாந்தில் வந்த எம்.ஜி.ஏ. என்ற இரண்டு சீட் காரிலும் இதே வம்சத்து 1489 சி.சி. எஞ்சின்தான். ஒரு வித்தியாசம், அதற்கு இரண்டு எஸ்.யூ. கார்புரேட்டர்கள். பெரிய ராணி மாதிரி நம் ஊரில் டாக்ஸி ஓட்டிக்கொண்டிருந்த எஞ்சினின் தங்கச்சி, அங்கே குட்டைப் பாவாடை போட்டுக்கொண்டு ரேஸ் ஓடியிருக்கிறாள்!

அண்ணன் புதுப்பேட்டையில் மூன்று நாள் சல்லடை போட்டுத் தேடி ஒரு ஜோடி எஸ்.யூ. கார்புரேட்டரும் அதற்கான மேனிபோல்டும் வாங்கிக்கொண்டு வந்தார், கோணிச்சாக்கில் சுற்றி, மடியில் வைத்து, ராத்திரி பஸ்ஸில். கல்யாணமான புதிதில் மதினியை அழைத்து வந்தபோதுகூட அவ்வளவு ஜாக்கிரதையாக அழைத்து வரவில்லை என்று பெரியம்மா சொல்வார்.

முதல் கட்சிக்காரர்களுக்கு இங்கே ஒரு பாரா விளக்கம். கார்புரேட்டர் என்பது பால்காரர் செய்கிற வேலையின் மறுபக்கம். அவர் பாலில் தண்ணீர் கலப்பார், இது காற்றில் பெட்ரோலைக் கலக்கும். எடைக்கு எடை, ஏறக்குறைய 14.7 பங்கு காற்றுக்கு ஒரு பங்கு பெட்ரோல். ஒரு குறுகலான தொண்டை வழியாக எஞ்சின் காற்றை உறிஞ்சும். தொண்டை குறுகுகிற இடத்தில் காற்று வேகமெடுக்கும், அழுத்தம் குறையும், பக்கத்துத் தொட்டியில் இருக்கிற பெட்ரோல் சின்ன ஓட்டை வழியாகத் தானாகவே மேலே வந்து பூப்பூவாகச் சிதறும். அந்தத் தொட்டிக்குள் ஒரு மிதவை. பெட்ரோல் மட்டம் ஏறினால் மிதவை எழும்பி வழியை அடைக்கும், இறங்கினால் திறக்கும். நம் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில் மிதக்கிற பந்துதான். இந்த மிதவைத் தொட்டியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் இதுதான் வில்லன்.

எஸ்.யூ. என்றால் ஸ்கின்னர்ஸ் யூனியன். லண்டனில் செருப்பு வியாபாரம் செய்த குடும்பத்துப் பிள்ளைகள் கண்டுபிடித்த சரக்கு. அதனால்தானோ என்னவோ, ஆரம்ப காலத்து எஸ்.யூ.வில் தோலில் செய்த துருத்தி இருந்ததாம். அப்புறம்தான் அந்த இடத்துக்கு பிஸ்டன் வந்தது. காற்று எவ்வளவு வேண்டுமோ அவ்வளவுக்கு அந்தப் பிஸ்டன் எழும்பி, தொண்டையைத் தானே பெரிசாக்கிக்கொள்ளும். அழகான யோசனை. பாகங்களும் கொஞ்சம். தலையில் கலசம் மாதிரி பளபளவென்று ஒரு குவிமாடம். எங்கள் ஜீப்பின் பானெட்டைத் திறந்தால் இரட்டைக் கோபுரம் தெரியும். அண்ணன் வெள்ளிக்கிழமை தோறும் அதைத் துடைப்பார்.

சத்தம்? அதை எழுத்தில் சொல்ல வராது. ஆழமாக, கொஞ்சம் கரகரவென்று, ஒரு பெரிய மிருகம் மூச்சு இழுக்கிற மாதிரி. காற்று வடிகட்டி இருந்தால் சத்தம் அமுங்கிவிடும் என்று அதையும் கழற்றி வைத்துவிட்டார். (வருசநாட்டுச் செம்மண் புழுதி அந்தத் தொண்டை வழியாக உள்ளே போய் சிலிண்டரை உப்புத்தாள் மாதிரி தேய்த்த கதை தனி.) கண்டமனூர் வளைவில் அண்ணன் கியரைக் குறைத்தால் மதினிக்கு வீட்டுக்குள்ளேயே கேட்கும் என்பார்கள். தோசைக்கல்லை அடுப்பில் போடுவார். கண்டமனூர் எங்கே, எங்கள் வீடு எங்கே என்று நீங்கள் கேட்கலாம். தோசை சூடாக இருந்தது, அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

இரண்டு கார்புரேட்டரிலும் ஒரே அளவு காற்று போக வேண்டும். இல்லாவிட்டால் வண்டி நொண்டும். அதைப் பார்க்க அண்ணன் ஒரு ரப்பர் குழாய் வைத்திருந்தார். ஒரு முனை காதில், மறு முனை முதல் கார்புரேட்டரின் வாயில். 'உஸ்' சத்தத்தைக் கேட்டுக்கொண்டு, அப்புறம் இரண்டாவதன் வாயில். இரண்டு 'உஸ்'ஸும் ஒரே சுருதியில் வரும்வரை திருகாணியைத் திருகிக்கொண்டே இருப்பார். டாக்டர் மாதிரி. ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்கும் அந்தக் குழாயைக் காதில் வைத்து, "எது ஜாஸ்தி?" என்பார். நான் குத்துமதிப்பாக, "வலதுண்ணே" என்பேன். "சங்கீத ஞானமே இல்லடா ஒனக்கு" என்று தலையில் ஒரு தட்டு.

1995-ல் அண்ணன் போய்விட்டார். ராத்திரி சாப்பிட்டுப் படுத்தவர். ஜீப் என்னிடம் வந்தது. 'நீயே ஓட்டு' என்று மதினி சாவியைக் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டார். ஆர்.சி. புத்தகம் மட்டும் அவர் பெயருக்கு மாறியது.

எனக்குத்தான் சங்கீத ஞானம் கிடையாதே. கரடு முரடான ரோட்டில் ஆடி ஆடி, இரண்டு கார்புரேட்டரையும் இணைக்கிற கம்பி லூஸாகும். நான் முடுக்குவேன். மறுபடி லூஸாகும். ஒன்றில் பெட்ரோல் அதிகம், ஒன்றில் குறைச்சல். ஆறு மாதத்தில் அந்த ஆழ்ந்த மூச்சு, ஆஸ்துமாக்காரரின் மூச்சாகிவிட்டது. ஆனாலும் கழற்றத் தோன்றவில்லை. யாராவது சொன்னால் கோபம்கூட வந்தது.

அப்புறம் அந்த ஐப்பசி ராத்திரி.

தேனி தனி ஜில்லாவாகி ஒரு வருஷம் ஆகியிருந்தது, 1997. விடாத மழை. வருசநாட்டுக்கு மேலே எங்கள் தோட்டத்துக்குப் பக்கத்துக் குடியிருப்பில் ஒரு பெண்ணுக்கு வலி கண்டுவிட்டது. அன்று நான் தோட்டத்திலேயே தங்கியிருந்தேன். போன் கிடையாது, செல் என்ற வார்த்தைக்கு அன்று ஜெயில் அறை என்றுதான் அர்த்தம். ஒரு பையன் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு ஓடி வந்து, "அண்ணே, வண்டி..." என்றான்.

ஜீப்பின் பின்னால் வைக்கோல் பரப்பி, ஜமுக்காளம் விரித்து, அந்தப் பெண்ணைப் படுக்க வைத்து, அவள் அம்மாவும் இரண்டு பெண்களும் ஏறிக்கொண்டார்கள். இறக்கத்தில் ஒழுங்காகத்தான் வந்தது, அவ்வப்போது தும்மிக்கொண்டு. நடுவில் ஓர் ஓடை. தண்ணீர் முழங்காலுக்குக் கீழேதான். இறங்கிக் கடந்துவிட்டேன். எதிர்க்கரை செங்குத்து. முதல் கியர் போட்டு மூக்கை மேலே தூக்கினேன். பாதி மேட்டில் இரண்டு தடவை இருமியது. குப்பென்று பெட்ரோல் வாடை. நின்றுவிட்டது.

ஸ்டார்ட்டரைப் போட்டேன். சுற்றுகிறது, பிடிக்கவில்லை. மறுபடி. மறுபடி. பானெட்டைத் திறந்து டார்ச் அடித்தால், முன் கார்புரேட்டரிலிருந்து பெட்ரோல் வழிந்து எக்ஸாஸ்ட் குழாய் மேல் சொட்டிக்கொண்டிருக்கிறது. அதைப் பார்த்ததும் எனக்கு மழையிலும் வியர்த்தது. பேட்டரி வயரைப் பிடுங்கிவிட்டு ஈரச் சாக்கை எடுத்து மூடினேன். பின்னால் பல்லைக் கடித்துக்கொண்டு முனகுகிற சத்தம். "என்னாச்சுப்பா?" என்று அந்த அம்மா கேட்டார். என்னத்தைச் சொல்ல? 'மிதவைத் தொட்டி' என்றா?

அப்போதுதான் அந்தப் பெண் எழுந்து உட்கார்ந்தாள். "வண்டி கெடக்கட்டும்ணே. நான் நடந்தே ஏறிருதேன்" என்றாள். ஏறினாள். இரண்டு பக்கமும் ஆளைப் பிடித்துக்கொண்டு, நின்று நின்று, வழுக்குகிற அந்தக் கரையை அவள் ஏறியதை நான் டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டு நின்றேன். என் வாழ்க்கையில் நான் அவ்வளவு சின்னவனாக உணர்ந்த இன்னொரு ராத்திரி கிடையாது. ஜீப்பைப் பின்னாலேயே உருட்டி சமதளத்துக்குக் கொண்டுவந்து, ப்ளக்குகளைக் கழற்றித் துடைத்து, வழிந்தது காய்ந்ததும் கிளப்பி, அங்கிருந்தே வேகம் எடுத்து ஒரே மூச்சில் மேட்டைத் தாண்டினேன். அரை மணி நேரம் போயிருந்தது. ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்து ஒரு மணி நேரத்தில் பெண் குழந்தை. இரண்டு உசிரும் சௌக்கியம். நான்தான் வாசல் படியில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதேன்.

மறுநாள் எங்கள் மெக்கானிக் பாயிடம் போனேன். அறுபது வயசு, வெற்றிலை, ஸ்பானரைவிடக் காதை அதிகம் நம்புகிற பழைய ஸ்கூல். பானெட்டைத் திறந்ததும் அவர் கார்புரேட்டரையே பார்க்கவில்லை, தொட்டிகளைப் பார்த்தார்.

"தம்பி, இது ரெண்டும் எப்படி ஒக்காந்திருக்குன்னு பாத்தியா? முன்னாடி உள்ளதுக்குத் தொட்டி அதுக்கும் முன்னாடி. பின்னாடி உள்ளதுக்குத் தொட்டி அதுக்கும் பின்னாடி. தரையில ஓடுறப்ப ஒண்ணும் தெரியாது. மூக்கத் தூக்குனா என்ன ஆகும்?"

ஒரு டம்ளர் தண்ணீரைக் கையில் எடுத்துச் சாய்த்துக் காட்டினார். வண்டி மேடு ஏறும்போது முன் கார்புரேட்டரின் தொட்டி அதன் தொண்டையைவிட மேலே போய்விடும், பெட்ரோல் பொங்கி வழியும். பின் கார்புரேட்டரின் தொட்டி கீழே போய்விடும், தொண்டைக்குப் பெட்ரோல் எட்டாது. இந்த எஞ்சினில் நான்கு சிலிண்டருக்கு உள்ளே போகிற வாசல் இரண்டுதான். முன் இரண்டுக்கு ஒன்று, பின் இரண்டுக்கு ஒன்று. ஆக, முன் இரண்டு சிலிண்டருக்கும் அஜீரணம், பின் இரண்டுக்கும் பட்டினி. இறக்கத்தில் இதுவே தலைகீழ்.

"ரேஸ் ரோட்டுல மேடு ஏது, பள்ளம் ஏது? அதுக்கு இது ராஜா. ஒங்க ஓடைக்கு இது ஏறுக்கு மாறாப் பூட்டுன மாடு தம்பி. ஒத்தக் கார்புரேட்டராப் போட்ரு."

போட்டுவிடலாம். எதைப் போடுவது? அங்கேதான் ஊரே திரண்டது. பெண் பார்க்கக்கூட அவ்வளவு பேர் யோசனை சொன்னதில்லை.

துபாயிலிருந்து லீவில் வந்திருந்த என் மச்சினன், "மாமா, வெபர் 32/36 போடுங்க. அடுத்த தடவை வாங்கிட்டு வர்றேன்" என்றான். இத்தாலிச் சரக்கு. ஒரே கார்புரேட்டருக்குள் இரண்டு தொண்டை, ஒன்று 32 மில்லிமீட்டர், இன்னொன்று 36. நிதானமாகப் போகும்போது சின்னது மட்டும் திறக்கும், அழுத்தி மிதித்தால்தான் பெரியது. சிக்கனமும் உண்டு, சீற்றமும் உண்டு. உலகம் பூராவும் எம்.ஜி. கார்க்காரர்களும் ஜீப்காரர்களும் இரண்டைக் கழற்றி ஒன்று போடுகிறபோது முதலில் தேடுவது இதைத்தான். பாய் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நல்ல சாமான்தான். ஒரு ஜெட்டு அடைச்சு ஒடஞ்சா துபாய்க்கு டவுன் பஸ் உண்டா?" என்றார். வெபர் அவுட்.

தபால் ஆபீஸ் நண்பர், மாருதி கார்புரேட்டர் என்றார். அது 796 சி.சி.க்கு அளவெடுத்துத் தைத்த சட்டை, நம்ம எஞ்சினுக்கு அக்குளில் பிடிக்கும். அப்படியானால் ஜிப்ஸியுடையது? பாய் ஒரு ஜிப்ஸியின் பானெட்டைத் திறந்து காட்டினார். ஆக்டோபஸ் மாதிரி ரப்பர் குழாய்கள். எது எங்கே போகிறது என்று புரிய எனக்கு ஒரு ஜென்மம் வேண்டும்.

நான் மெல்ல, "ரெண்டுல ஒண்ண மட்டும் வெச்சுக்கலாமா, பாய்?" என்றேன். உண்மையில் எனக்கு அதுதான் ஆசை. ஒற்றைக் கோபுரமாவது இருக்கட்டும். அதுவும் நடக்கிற காரியம்தான் என்றார். இரண்டு சிலிண்டருக்கு அளந்து ஊற்றிக்கொண்டிருந்ததை நான்குக்கு ஊற்ற வைக்க வேண்டும், உள்ளே இருக்கிற கூம்பு ஊசியை மாற்ற வேண்டும். அந்த ஊசி தேனியிலும் கிடைக்காது, மதுரையிலும் தேடித்தான் பார்க்க வேண்டும்.

கடைசியில் பாய் கையில் எடுத்தது, யாரும் சொல்லாத, கண்ணுக்கு ஒன்றும் அழகில்லாத ஒற்றைத் தொண்டை சோலெக்ஸ். "சின்னதா இருக்கே?" என்றேன்.

"கணக்குப் போடு. நீதான படிச்ச பிள்ளை."

போட்டேன். 1489 சி.சி. எஞ்சின், இரண்டு சுற்றுக்கு ஒரு தடவை தன் வயிறு நிறையக் காற்று இழுக்கும். நிமிஷத்துக்கு 4000 சுற்று என்றால் முழுசாக 2978 லிட்டர். நான் ஓடையிலும் பாறையிலும் ஓட்டுகிறபோது 1500 சுற்றுதான் இருக்கும். அப்போது 1117 லிட்டர்கூட முழுசாக இழுக்காது. இவ்வளவு கொஞ்சக் காற்று அகலமான தொண்டையில் போனால் சோம்பேறியாகப் போகும், பெட்ரோலைச் சிதறடிக்க வலுவிருக்காது, சொட்டுச் சொட்டாக உள்ளே போய் ப்ளக்கை நனைக்கும். குறுகலான தொண்டையில் அதே காற்று விசிலடித்துக்கொண்டு போகும். பெட்ரோல் புகையாகக் கலக்கும். மேட்டில் இழுவை கிடைக்கும். உச்ச வேகம் குறையும்தான். வருசநாட்டு ரோட்டில் உச்ச வேகத்தில் யார் போனார்கள்?

'எவ்வளவு பெரிசு'க்கு முன்னால் கேட்க வேண்டியது, 'எந்த வேகத்தில் ஓட்டப்போகிறாய்' என்பதுதானாம். அப்புறம், 'தொட்டி எந்தப் பக்கம்'. மூன்றாவதாக, 'ஜெட் எந்தக் கடையில் கிடைக்கும்'. பாயின் வரிசை இது. மச்சினனின் வரிசையில் முதலில் இருந்தது பிராண்டு.

எல்லாம் முடிவாகிவிட்டது. மதினியிடம் யார் சொல்வது?

இரண்டு நாள் சாப்பாட்டு நேரமாகப் பார்த்துப் போய், சாப்பிட்டுவிட்டு ஒன்றும் சொல்லாமல் திரும்பினேன். மூன்றாம் நாள் மதினியே, "என்னா தம்பி, ரசத்துல ஏதும் விழுந்து கெடக்கா? மூஞ்சி அப்படிக் கெடக்கு" என்றார். சொன்னேன். ஓடை, பெட்ரோல் சொட்டியது, அந்தப் பெண் நடந்து ஏறியது, எல்லாம். கடைசியில்தான் கார்புரேட்டர்.

கொஞ்ச நேரம் பாத்திரத்தை ஒழித்துப் போட்டுக்கொண்டிருந்தார். அப்புறம் முதுகைக் காட்டிக்கொண்டே, "அந்தப் புள்ளைக்கு எத்தனையாவது பிரசவம்?" என்றார்.

"தலைப் பிரசவம் மதினி."

"கழட்டிருங்க."

பாய் இரண்டு நாள் எடுத்துக்கொண்டார். எம்.ஜி. மேனிபோல்டைக் கழற்றிவிட்டு அம்பாசடரின் சொந்த ஒற்றை மேனிபோல்டைப் பூட்டினார். அதற்கு மேல் ஓர் அலுமினியப் பலகையை அரத்தால் ராவி ராவி இடைத்தகடு செய்து, சோலெக்ஸை வழக்கமான திசையில் வைக்காமல் கால் வட்டம் திருப்பி உட்கார வைத்தார். அதாவது, தொட்டி தொண்டைக்கு முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை, பக்கவாட்டில். மூக்கு மேலே போனாலும் கீழே போனாலும் மட்டம் அதிகம் மாறாது. "வண்டி சைடுல சாஞ்சா?" என்று கேட்டேன். "அவ்வளவு சாஞ்சா ஒனக்குக் கார்புரேட்டர் பத்தின கவலை இருக்காது" என்றார்.

திருப்பி வைத்ததில் ஆக்சிலேட்டர் கம்பி எட்டவில்லை. சைக்கிள் பிரேக் ஒயர் போட்டு இணைத்தார். காற்று வடிகட்டியும் போட்டார், தடியாக, எண்ணெய் ஊற்றுகிற வகை. அப்புறம் ஜெட் பார்க்கும் படலம். சோலெக்ஸ் ஜெட்டில் 120 என்று எழுதியிருந்தால் ஓட்டை 1.20 மில்லிமீட்டர். 115 என்றால் 1.15. அந்த மயிரிழை வித்தியாசத்துக்காக எங்கள் ஊர் மேட்டில் ஏழு தடவை ஏறி இறங்கினோம். ஒவ்வொரு தடவையும் ப்ளக்கைக் கழற்றி அதன் முகத்தைப் பார்ப்பார். கறுப்பாகப் புகை படிந்திருந்தால் பெட்ரோல் ஜாஸ்தி. வெளுத்திருந்தால் கம்மி. ஏழாவது தடவை ப்ளக்கை எடுத்து என் முன்னால் நீட்டி, "என்ன கலர்?" என்றார். "காப்பி கலர், பாய்." "அப்ப காப்பி சொல்லு" என்றார்.

அன்று சாயங்காலமே அந்த ஓடைக்குப் போனேன். அதே கரை. பாதி மேட்டில் வேண்டுமென்றே நிறுத்தி, பிரேக்கைப் பிடித்துக்கொண்டு ஐந்து நிமிஷம் எஞ்சினைச் சும்மா ஓடவிட்டேன். பெட்ரோல் வாடை இல்லை, இருமல் இல்லை. கிளட்சை விட்டதும் பழைய ஜீப் மாதிரி இல்லாமல், மாடு மாதிரி அடியெடுத்து அடியெடுத்து ஏறியது. லிட்டருக்கு நல்லாவே கூட ஓட ஆரம்பித்தது என்பது அந்த மாசம் பெட்ரோல் கணக்கு எழுதும்போதுதான் தெரிந்தது. தேனி போகிற நேரான ரோட்டில் மட்டும் முன்பு பின்னால் தள்ளிவிட்ட பஸ்களெல்லாம் என்னை ஓரங்கட்டிக்கொண்டு போயின. போகட்டும்.

வீட்டுக்கு வந்து ஜீப்பை நிறுத்தினேன். மதினி வரவில்லை. உள்ளே போய்ப் பார்த்தால் டி.வி. பார்த்துக்கொண்டிருக்கிறார். "எப்ப வந்தீக?" என்றார் திடுக்கிட்டு. "சத்தமே கேக்கல."

நான் ஒன்றும் பேசவில்லை. அவரும் பேசவில்லை. எழுந்து போய் தோசைக்கல்லை அடுப்பில் போட்டார். அன்று முதல் தோசைக்குக் காத்திருக்கப் பழகிக்கொண்டேன்.

பாய் இப்போது இல்லை. அம்பாசடரும் இல்லை, 2014-ல் நின்றுவிட்டது. கார்புரேட்டரே ஏறக்குறைய இல்லை. கார்களில் எப்போதோ போய்விட்டது. 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 வந்தபிறகு மோட்டார் சைக்கிளிலும் பெரும்பாலும் கம்ப்யூட்டர்தான் பெட்ரோல் அளந்து ஊற்றுகிறது. அது ரப்பர் குழாயைக் காதில் வைத்துக் கேட்பதில்லை. எங்கள் ஜீப்பும் சோலெக்ஸும் மட்டும், எஃப்.சி. காட்டும்போதெல்லாம் ஆபீஸர் ஒரு மாதிரி பார்த்தாலும், ஓடிக்கொண்டிருக்கின்றன. இப்போது பங்கில் வருகிற பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். பழைய ரப்பர் குழாயெல்லாம் அதில் ஊறி ஒவ்வொன்றாகப் பல்லைக் காட்ட, போன வருஷம் எல்லாவற்றையும் மாற்றினேன். கலவையும் வெளுத்துப் போயிற்று. ஜெட்டை ஒரு நம்பர் பெரிசாக்க வேண்டியிருந்தது. பாயின் பேரன் வந்து மாட்டினான். ப்ளக்கைக் கழற்றி, அதன் முகத்தைப் பார்த்து, செல்போனில் படம் எடுத்து, பெரிதாக்கி, "காப்பி கலர் வந்துருச்சு மாமா" என்றான். தாத்தா கண்ணாடிகூடப் போடாமல் பார்த்தது.

அந்த ராத்திரி பிறந்த பெண்ணுக்கு இப்போது கல்யாணமாகி ஆண்டிபட்டியில் இருக்கிறாள். பத்திரிகை வைக்க வந்தபோது அவள் அம்மா ஜீப்பை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இப்ப மேடு ஏறுதாண்ணே?" என்று கேட்டாள்.

கழற்றிய இரண்டு எஸ்.யூ.வையும் விற்றிருக்கலாம். பழைய எம்.ஜி. கார் வைத்திருக்கிற ஒருவர் கோயம்புத்தூரிலிருந்து தேடி வந்து நல்ல விலை கேட்டார். மதினி அவருக்குக் காப்பி கொடுத்து, பலகாரம் கொடுத்து, வெறுங்கையோடு அனுப்பிவிட்டார். அவை அவர் வீட்டுக் கண்ணாடி அலமாரியில், பேரன் வாங்கிய கப்புகளுக்குப் பக்கத்தில் இருக்கின்றன. ஆயுத பூஜை அன்று இரண்டு குவிமாடத்துக்கும் விபூதிப் பட்டையும் குங்குமமும் உண்டு.

போன ஆயுத பூஜைக்கு நான் போனபோது பேரன் அந்தப் பழைய ரப்பர் குழாயை எங்கேயிருந்தோ எடுத்து வந்து, ஒரு முனையைக் காதில் வைத்து, மறு முனையைக் கார்புரேட்டரின் வாயில் வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தான்.

"என்னடா கேக்குது?" என்றேன்.

"ஒண்ணும் கேக்கல தாத்தா."

மதினி சமையல்கட்டிலிருந்து, "அவனுக்கும் சங்கீத ஞானம் இல்ல" என்றார்.